பியோவுல்ஃப், கேட்மன், பேலட்: நேரில் பார்த்ததும் கேட்டதும்

பதிவு 1
2018 கடைசியில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் நடந்த ஆங்கிலோ-சாக்சன் கண்காட்சிக்கு யாராவது போனீர்களா? பழைய ஆங்கிலக் கவிதையின் நான்கு பெரிய சுவடிகளும் அங்கே ஒன்றாக இருந்தன. நான் பியோவுல்ஃப் காவியத்தின் சுவடி முன்னாலேயே நின்றுவிட்டேன். 1731 தீவிபத்தில் ஓரமெல்லாம் கருகி, தாள் தாளாகக் காகிதச் சட்டத்துக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு வரி கடைசி எழுத்துகள் உதிர்ந்து பாதியில் நிற்கிறது. 3182 வரிக் காவியம், வேறு பழைய பிரதியே கிடையாது. அன்று இன்னும் கொஞ்சம் எரிந்திருந்தால் அதில் வரும் கிரெண்டல் என்ற அரக்கனே இல்லை. இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பதிவு 2
சுவடி சரி, அதற்கு முன்னால் அது வாய்ப்பாட்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோர ஊரான விட்பிக்குப் போங்கள். பாடத் தெரியாததால், விருந்தில் யாழ் தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடும் கேட்மனுக்குக் கனவில் பாட்டு வந்தது அங்கேதான், பீட் என்ற துறவி-வரலாற்றாசிரியர் எழுதிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 199 படி ஏறி, கேட்மன் சிலுவைக்குப் பக்கத்தில் நின்று அவர் பாடிய கடவுள் துதியின் ஒன்பது வரியை முணுமுணுத்தேன். நாயோடு வந்த ஒரு பாட்டி அடுத்த வரியைப் பழைய ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு நடந்துபோனார். எங்கே கற்றார் என்று கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பதிவு 3
பதிவு 1, தாள் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்பதை நான் ஏற்கவில்லை. எடின்பரோ பப் ஒன்றில் ‘சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்’ என்ற பேலட்டை, அதாவது வாய்வழி வந்த கதைப்பாட்டைக் கேட்டேன், வாத்தியம் எதுவும் இல்லை. கப்பல் மூழ்குவதைப் பாட்டு சொல்லவே இல்லை, தண்ணீருக்கு மேல் தொப்பிகள் மட்டும் மிதந்தன, அடுத்த அடியில் பெண்கள் கையில் விசிறியோடு காத்திருக்கிறார்கள். அங்கே ஒருவரும் கிளாஸைத் தூக்கவில்லை. பாட்டெல்லாம் பாடுவதற்கு, படிப்பதற்கல்ல, அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டாய் என்று பேலட்டுகளைத் தொகுத்த எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டிடமே சொன்னார், அவருக்குப் பாட்டுச் சொன்ன மார்கரெட் லெய்ட்லா. எனக்கு அந்த அம்மா பக்கம்தான்.

பதிவு 4
அப்படியானால் பழம் பேலட்டுகளைத் தொகுத்து அச்சிட்ட தாமஸ் பெர்சியை என்ன செய்வீர்கள்? நண்பர் வீட்டில் வேலைக்காரப் பெண்கள் அடுப்பு மூட்டக் கிழித்துக்கொண்டிருந்த சுவடியை அவர் காப்பாற்றியதால்தான் 1765-ல் அந்தத் தொகுப்பே வந்தது. கல்லூரியில் பேலட்டை வாய்விட்டுப் படிக்க விடவில்லை, குறிப்பு மட்டும் எழுதவைத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு உண்டு. புதிதாக வருகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். பியோவுல்ஃபில் வரிக்கு இரண்டு பாதி, பாதிக்கு இரண்டு அழுத்தம், மோனைதான் இரண்டையும் கட்டுகிறது, அதனால் மேசையைத் தட்டிக்கொண்டே படியுங்கள், பொருள் அப்புறம். பேலட்டில் பெரும்பாலும் நான்கு தட்டு, மூன்று தட்டு, மறுபடி நான்கு, மூன்று, இயைபு இரண்டாம் நான்காம் அடியில். அமெரிக்க அறிஞர் சைல்ட் எண்ணிட்டுத் தொகுத்த 305 பேலட்டையும் வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள், சலித்துவிடும். 58-ம் எண் ஸ்பென்ஸ், 13 ‘எட்வர்ட்’, இவற்றில் தொடங்குங்கள். முதலில் யாராவது பாடிக் கேளுங்கள், பிறகு புத்தகத்தைத் திறங்கள்.