புதுப்பிப்பு: டைனோசர்–பறவைக் கண்காட்சி, முதல் மேசை தயார்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி டைனோசர்–பறவைக் கண்காட்சியை எப்படி அமைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் பெரிய டைனோசர் உருவம் வைக்கச் சொன்னீர்கள். பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்பதால், நாங்கள் கோழியில் தொடங்கியிருக்கிறோம்.

அவித்துக் கழுவிக் காயவைத்த நெஞ்சுக் கவட்டை எலும்பு. இரண்டு காறையெலும்புகளும் ஒன்றாக ஒட்டி வளைந்தது, விரலால் அமத்தினால் மெல்ல நெகிழும். பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பலகையில் டைரனோசரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டில் அதே எலும்பைத் தேட வேண்டும். ஓம், அதற்கும் இருந்தது! கண்டுபிடித்துப் பலகையைத் திறந்தால், 1996இல் சீனாவில் அறிவிக்கப்பட்ட, இறகு போன்ற இழைகள் படிந்த சைனோசோரொப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் புதைபடிவப் படம். பிறகு 1861இல் ஜெர்மனியில் அறிவிக்கப்பட்ட, ஆதிப்பறவை எனப்படும் ஆர்க்கியொப்டெரிக்ஸ்.

கடைசி மேசைக்கு நம் கடனீரேரிப் பூநாரைகளின் படம் வேண்டும், காலிலுள்ள செதில்கள் தெளிவாகத் தெரிய. எடுத்தவர்கள் தந்துதவுங்கள்.