பழைய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி: ஒரு ஸ்பீக்கர் பேசவில்லை, பின்பலகையைக் கரையான் அரித்துவிட்டது

புதுவயல் கிட்டார்:

வணக்கம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்துவந்த ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது, அவர்களுடைய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்கு வந்து, நெல் சாக்குகளுக்குப் பின்னால் வெகுகாலம் கிடந்தது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு பொருத்தி, பின்புறம் முழுவதையும் அடைத்த பெட்டி அது. பக்கங்களும் முன்பலகையும் பிளைவுட். தட்டிப் பார்த்தால் திடமாக இருக்கின்றன. பின்பலகை மட்டும் பார்ட்டிகிள் போர்டு. சுவரோரமாக ஏறிய கரையான் அதன் அடிப்பகுதியை அரித்திருப்பதால் விரல் பட்டாலே உதிர்கிறது.

ஸ்பீக்கர்களின் பின்னால் இருந்த லேபிள்கள் போய்விட்டன. மல்டிமீட்டர் வைத்தால் ஒன்று 12.7 ஓம் காட்டுகிறது. மற்றது எதுவுமே காட்டவில்லை. என்னிடம் இருப்பது 8 ஓம், 16 ஓம் என்று இரண்டு துளைகள் உள்ள 15 வாட் வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழல்களில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்). 12.7 என்பது எட்டும் இல்லை, பதினாறும் இல்லை என்பதால் அந்த ஸ்பீக்கரும் கெட்டுக்கொண்டிருக்கிறதா? பேசாத ஸ்பீக்கருக்குப் பதிலாக, மைக் செட் கடையில் கிடைக்கும் 12 அங்குல ஸ்பீக்கரைப் போடலாமா? எப்படியும் பின்பலகையை மாற்றத்தான் வேண்டும் என்பதால் அதைப் பாதி திறந்ததாக அமைக்கவும் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் வால்வு:

உங்கள் 12.7 ஓம் ஸ்பீக்கர் நலமாகவே இருக்கிறது. மல்டிமீட்டர் அளப்பது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருளின் நேர்மின்தடையை மட்டுமே. ஸ்பீக்கரில் எழுதப்படும் 8, 16 என்ற எண்களோ மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, அதாவது இம்பிடன்ஸ். அது ஒலியின் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும், மீட்டர் காட்டுவதைவிட அதிகமாகவே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறத்தாழ 6 முதல் 7 வரை காட்டும்; 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 காட்டும். ஆகவே உங்களுடையது 16 ஓம் ஸ்பீக்கர்.

மற்றதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஸ்பீக்கரின் முனையத்திலிருந்து கோனுக்கு, அதாவது ஆடி ஒலியெழுப்பும் கூம்புக்கு, போகும் பின்னல் கம்பி, கோன் ஆடும்போதெல்லாம் சேர்ந்து ஆடுவதால், நாளடைவில் அடியில் அறுந்துவிடும். வெளிப் பின்னல் முழுதாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உள்ளே செம்பு இழை விட்டுப் போயிருக்கும். கோனின் மேல் அந்தக் கம்பி வந்து சேரும் இரண்டு ஈயப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை மெதுவாக வைத்துப் பாருங்கள். அங்கே 12 ஓம் அளவில் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, கம்பிதான் போயிருக்கிறது என்று பொருள். அங்கேயும் ஒன்றும் காட்டாவிட்டால் கோன் மாற்றுபவரிடம்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போது கிட்டார் ஸ்பீக்கருக்குரிய கோன்தான் வேண்டுமென்று வலியுறுத்துங்கள்.

மைக் செட் ஸ்பீக்கர் வேண்டாம். கிட்டாரின் தடித்த ஈ கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மேலே சுமார் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிட்டார் ஸ்பீக்கர் தானாகவே சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் ஆம்பின் டிஸ்டார்ஷனை (ஒலிச் சிதைவை) காதுக்கு இதமாக்குகிறது. எல்லாவற்றையும் உள்ளபடியே ஒலிக்கும் ஸ்பீக்கரில் அதே டிஸ்டார்ஷன் கறகறவென்று எரிச்சலூட்டும்.

இரண்டும் 16 ஓம் என்று உறுதியானால் இணையாக (பேரலலாக) இணைத்தால் மொத்தம் 8 ஓம் ஆகும்; ஆம்பின் 8 ஓம் துளையில் செருகுங்கள். தொடராக (சீரீஸாக) இணைத்தால் 32 ஓம் ஆகிவிடும் என்பது ஒருபுறமிருக்க, ஒன்று அறுந்தால் இரண்டுமே அடங்கி, ஆம்ப் சுமையின்றி ஓட நேரிடும். வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது. ஆம்புக்கும் பெட்டிக்கும் இடையில் போடும் வயர் சாதாரண ஸ்பீக்கர் வயராக இருக்கட்டும். கிட்டாருக்குச் செருகும் ஷீல்டு வயரை இங்கே பயன்படுத்தக் கூடாது.

கானாடுகாத்தான் மரவேலை:

பின்பலகைக்கு நான் ஒரு யோசனை சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில், பிரித்த வீடுகளின் பர்மா தேக்குப் பலகைகள் வாங்கலாம். நம் ஊர்ப் பெட்டிக்கு நம் ஊர் மரம் என்றால் பார்ப்பதற்கே ஒரு கம்பீரம் இருக்கும். தேக்கைக் கரையானும் எளிதில் தொடாது.

தேவகோட்டை பட்டறை:

கரையான் விஷயத்தில் நண்பர் சொல்வது சரி; வைரம் பாய்ந்த தேக்கு அதற்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் கதவுக்கு ஏற்ற குணமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது. அகலமான முழுமரப் பலகை மழைக்காலத்தில் குறுக்குவாட்டில் விரியும், பங்குனி வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் திருகால் இறுக்கிவிட்டால் ஒன்று வெடிக்கும், அல்லது நெளிந்து சட்டத்தில் படபடக்கும். போதாக்குறைக்கு, தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் தின்னரால் துடைக்காமல் தடவிய பசை சரியாகப் பிடிப்பதில்லை. பழைய பலகைகளில் தலை ஒடிந்த ஆணிகள் புதைந்திருப்பதை எங்கள் ரம்பங்கள் நன்றாக அறியும். 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்தில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகை, போதுமானது. தேக்கு ஆசை விடாவிட்டால் மூலைகளுக்கும் கைப்பிடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி திறந்த பின்புறத்தைப் பற்றி: கோனின் பின்பக்க ஒலி வெளியே வந்து முன்பக்க ஒலியோடு கலக்கும்போது தாழ்ந்த சுரங்கள் ஓரளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் அடைத்த பெட்டியின் அந்த நெஞ்சில் இடிக்கும் அழுத்தம் குறையும். பதிலுக்கு ஒலி அறை முழுவதும் பரவும். ஆத்தங்குடிக் கல் தரையும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் உள்ள நம் வீடுகளில் ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லாததால், அந்தப் பரவல் சில சமயம் இரைச்சலாகவே முடியும். எனவே பின்பலகையை மூன்று துண்டுகளாக அறுத்து, நடுத் துண்டை மட்டும் கழற்றி மாட்டும்படி திருகில் வையுங்கள். வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) வாசிக்கும்போது மூடியும், திறந்தவெளியில் வாசிக்கும்போது கழற்றியும் நீங்களே கேட்டு முடிவு செய்யலாம்.

அறுப்பதற்கும் துளைப்பதற்கும் முன்னால் ஸ்பீக்கர்களைக் கழற்றி, துணி சுற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரும்புத்தூள் காந்த இடைவெளிக்குள் போய்விட்டால் காயில் உரசிக்கொண்டே இருக்கும், வெளியே எடுப்பதும் பெரும்பாடு. திரும்ப மாட்டும்போது எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் முறுகி, நல்ல ஸ்பீக்கரும் உரச ஆரம்பிக்கும். பெட்டிக்கு அடியில் இரண்டு அங்குலக் கால்கள் வைத்துவிட்டால், கரையான் மண்புற்று கட்டி ஏறினாலும் கண்ணில் படும்.

புதுவயல் கிட்டார்:

மிக்க நன்றி. கோட்டையூர் நண்பர் சொன்னபடியே கோனின் மேலுள்ள புள்ளிகளில் அளந்தேன், 12.5 ஓம் காட்டுகிறது. கோனை இரு கை விரல்களாலும் சமமாக உள்ளே அழுத்தியபோது உரசும் சத்தமும் இல்லை. பின்னல் கம்பி முனையத்தின் அருகில் அறுந்திருக்கிறது. பிளைவுட்டில் மூன்று துண்டு என்றே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கம்பியை நானே மாற்றலாமா?

கோட்டையூர் வால்வு:

தாராளமாக மாற்றலாம். சாதாரண வயர் விறைப்பானது, சீக்கிரமே ஒடிந்துவிடும். ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பின்னல் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லியும் விடலாம். பற்றவைக்கும்போது ஈயம் பின்னலுக்குள் உறிஞ்சப்பட்டு ஏறினால் அந்த இடம் கம்பிபோல் விறைத்துப்போகும். முனையை இடுக்கியால் பிடித்துக்கொண்டு சட்டென்று வைத்து எடுத்துவிடுங்கள். கோன் முழுதும் முன்னே வந்தாலும் கம்பி இழுபடாத, கோனிலும் தட்டாத அளவுக்குத் தொய்வு விடுங்கள்.

இணைப்பதற்கு முன் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டிலும் பேட்டரியின் நேர்முனை எந்த முனையத்தில் படும்போது கோன் முன்னால் வருகிறதோ, அந்த முனையங்களில் சிவப்புப் புள்ளி வைத்து, சிவப்போடு சிவப்பைச் சேருங்கள். ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போகும்படி இணைத்துவிட்டால் தாழ்ந்த சுரங்கள் காணாமல் போய்விடும். கடைசியாகப் பெட்டியின் ஜாக்கில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 6.3 ஓம் அளவில் காட்டினால் பெட்டியை ஆம்பின் 8 ஓம் துளையில் செருகலாம்.