பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டும் கட்டுக்கம்பி ஒடியவில்லை, ஏன்?

கேள்வி (மேலூர், 9ஆம் வகுப்பு அறிவியல்)
கம்பியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விறைத்து ஒடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கட்டுக்கம்பியில் செய்தால் வளையத்தான் செய்கிறது. கேஸ் அடுப்பு, இடுக்கி, காந்தம் இருக்கின்றன. எதை மாற்றலாம்?

பதில் 1
கம்பியைத்தான் மாற்ற வேண்டும் டீச்சர். கட்டுக்கம்பியில் கார்பன் மிகக் குறைவு. எஃகை விறைக்க வைப்பது கார்பன்தான். அது இல்லாமல் எத்தனை முறை முக்கினாலும் பலன் இல்லை. தையல் ஊசி வாங்குங்கள், பெரிய சைஸில் மூன்று.

மூன்றையும் சிவக்கக் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடு ஏற வேண்டும். ஒன்றை அடுப்பை மெல்லத் தணித்து ஆறவிடுங்கள்: வளையும். மற்ற இரண்டையும் தண்ணீரில் முக்குங்கள். அதில் ஒன்றை வளைத்தால் 'டக்'கென்று ஒடியும். கடைசி ஊசியை எமரித் தாளில் பளபளப்பாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் வைத்துச் சிறு தீயில் சூடேற்றுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, சுமார் 300 டிகிரியில் மயில்கழுத்து நீலம். நீலம் வந்த உடனே எடுத்துவிடுங்கள். இது வளைத்தால் ஸ்பிரிங் போல நிமிரும். நேரடித் தீயில் காட்டினால் நீலத்தைத் தாண்டிவிடும், ஊசி மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

ஒடிக்கும்போது துணி சுற்றுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துண்டு தெறிக்கும்.

கேள்வி கேட்டவர்
ஊசி சிவந்தது, முக்கினேன், ஆனாலும் வளைகிறது.

பதில் 1
தீயிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் ஆறியிருக்கும். மெல்லிய ஊசி ஒரு நொடியில் கறுத்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை அடுப்பை ஒட்டியே வையுங்கள். சிவப்பாகவே உள்ளே போக வேண்டும்.

பதில் 2
கூடவே செம்பையும் காட்டுங்கள், இல்லாவிட்டால் 'தண்ணீர்தான் விறைக்க வைக்கிறது' என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மோட்டார் வைண்டிங் கடையில் 2 மி.மீ. செம்புக் கம்பி ஓர் அடி போதும். எனாமலைச் சுரண்டிவிடுங்கள், எரிந்தால் புகை கெடுதல். நாலைந்து முறை வளைத்து நிமிர்த்தினாலே விறைத்துக்கொள்ளும். மங்கலாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள்: இங்கே மெத்தென்று ஆகும்! வளைக்கும்போது படிகங்களுக்குள் சேர்ந்த சிக்கல்கள் சூட்டில் கலைந்து புதுப் படிகங்கள் உருவாகிவிடும். எஃகில் நடப்பது வேறு: திடீர்க் குளிரில் கார்பன் வெளியேற முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பொற்கொல்லர் பட்டறையில் கம்பியச்சின் துளைகளில் இழுத்த கம்பியை இடையிடையே காய்ச்சுவதும் செம்பைப் போல அதை மெத்தென்று ஆக்கத்தான்.

பதில் 3
படிகம் என்றால் என்ன என்று கேட்பார்கள். அதற்கு 1947இல் பிராக், நை என்ற இயற்பியலாளர்கள் இருவரும் வெளியிட்ட குமிழித் தட்டு இருக்கிறது: ஒரே அளவுக் குமிழிகள், படிகத்தில் அணுக்கள் போல வரிசையாக அடுக்கி நிற்கும். அகலத் தட்டில் பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் கிளிசரினும் கலந்த தண்ணீர், மீன்தொட்டிப் பம்பு, அதன் குழாயில் முனை மழுக்கிய ஊசி. ஊசியின் ஆழம் மாறினால் குமிழி அளவும் மாறும், வரிசை கெடும். கிளாம்பில் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.