புதுப்பிப்பு: செடிப் பெயர்ப் பட்டைகள், இரண்டு மழைக்குப் பின்

ஐஸ்கிரீம் குச்சிகளில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிச் செடிகளின் அருகே நட்டிருப்பதாகக் கடந்த மே மாதம் இங்கே எழுதியிருந்தேன். தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் பெய்து ஓய்ந்துவிட்ட இந்நிலையில், அக்குச்சிகளில் பாதி மண்ணுக்குள் மக்கிவிட்டன. மீதியைக் கறையான் அரித்துவிட்டது. எழுத்தோ அதற்கு முன்பே வெளிறியிருந்தது, ஏனெனில் வெயிலின் புறஊதாக் கதிர்கள் மையின் சாயத்தைச் சிதைக்கின்றன. பென்சில் எழுத்து கிராஃபைட் என்பதால் வெயிலில் மங்குவதில்லை. தயிர் டப்பாவிலிருந்து வெட்டிய வெள்ளைப் பட்டையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பென்சிலால் எழுதியது இன்றும் தெளிவாக உள்ளது.

ஆயினும் எனக்கு மிகவும் பிடித்தது அலுமினியப் பட்டைதான். குளிர்பான கேனைக் கத்தரிக்கோலால் வெட்டி, கையைக் கிழிக்கும் விளிம்புகளை உள்பக்கமாக மடித்து, செய்தித்தாள் அடுக்கின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகவே பதிந்துவிடும், துருவும் பிடிக்காது. வாழைக் கன்றுகளுக்கே இது மிகவும் பயன்பட்டது. செந்துளுவன் எனும் செவ்வாழையைத் தண்டின் சிவப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்ட மட்டி வாழையைப் பாளையங்கோட்டான் வாழைக் கன்றிலிருந்து பிரித்தறிய எனக்கு இன்னும் கண் பழகவில்லை. பட்டையைத் தண்டில் கட்டாமல், அருகில் நட்ட கம்பியில் தொங்கவிட்டுள்ளேன்.