பொருள்: மறு: மறு: ஷுல்டன்பிரெம்ஸ – கடன் தடையா, கடிவாளமா?

> இதற்குச் ‘சமநிலை பட்ஜெட் விதி’ போதாதா? அமெரிக்காவில் கேட்பதும் ஜெர்மனியில் இருப்பதும் ஒன்றுதானே.

ஒன்றில்லை ஐயா. நாம் தமிழ்ப் பெயர் தேடும் ‘ஷுல்டன்பிரெம்ஸ’ (ஜெர்மனில் ‘கடன் பிரேக்’), அரசு வாங்கும் கடனுக்கு எல்லை கட்டும் ஜெர்மன் விதி. அமெரிக்கக் காங்கிரஸில் வந்த அரசியல் சட்டத் திருத்தம், ஆண்டுதோறும் செலவு வரவுக்குள் அடங்க வேண்டும் என்றது. 1997-ல் செனட்டில் 66 வாக்கு கிடைத்தது, தேவை 67. அத்தோடு போயிற்று. அதற்குச் ‘சமநிலை பட்ஜெட்’ தாராளமாகப் பொருந்தும். (என் ஆசைக்கு விட்டால் ‘துண்டு விழாப் பட்ஜெட்’ என்பேன். பட்ஜெட்டில் துண்டு விழுவதைப் பத்திரிகையில் படித்தே வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.)

ஜெர்மனி 2009-ல் தன் அடிப்படைச் சட்டத்தில் (அந்நாட்டின் அரசியல் சட்டம்) சேர்த்தது, கடனில்லாமல் ஈடுகட்டுவதே நெறி என்று தொடங்கி, உடனே விட்டுக்கொடுக்கிறது. கூட்டரசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.35 சதவீதம் வரை கட்டமைப்புப் பற்றாக்குறை (தொழில் ஏற்ற இறக்கத்தின் பாதிப்பைக் கழித்த பின் நிற்கும் பற்றாக்குறை) வைத்துக்கொள்ளலாம். மந்தம் வந்தால் அதற்கு மேலும் வாங்கலாம். தொழில் சூடுபிடித்தால் அந்த இடம் சுருங்கும். பேரிடர் என்றால் நாடாளுமன்றம் விலக்குத் தரலாம். 2020-ல் கொரோனாவுக்காகத் தந்தது.

‘கடன் தடை’ இதனாலேயே உதவாது. கடனே கூடாது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘கடன் உச்சவரம்பு’ ஏற்கெனவே அமெரிக்காவின் மொத்தக் கடன் வரம்புக்குப் போய்விட்டது.

என் ஓட்டு ‘கடன் கடிவாளம்’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: கொரோனாவுக்கென அனுமதித்து மிஞ்சிய 6,000 கோடி யூரோ கடனைப் பருவநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று 2023 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் கடிவாளத்தை இழுத்தது. 2025 மார்ச்சில், உற்பத்தியில் 1 சதவீதத்தைத் தாண்டும் பாதுகாப்புச் செலவுக்காக நாடாளுமன்றம் கடிவாளத்தைத் தளர்த்தியது.

---

> என் ஓட்டு ‘கடன் கடிவாளம்’.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுப்பு. கடிவாளம் என்றால் அரசு அடங்காத குதிரை என்று முதலே தீர்ப்பெழுதினது மாதிரி இருக்கு. பாலங்களும் ரயில் பாதைகளும் பழுதுபட்டுக் கிடக்கிறதுக்கு இந்த விதிதான் காரணம் என்று ஜெர்மனியிலேயே ஒரு பகுதியினர் வாதாடுகினம். கலைச்சொல் ஒரு கட்சிப் பக்கம் சாயலாமோ? எங்கட ‘மட்டுப்பாடு’ இருக்குத்தானே: ‘கடன் மட்டுப்பாட்டு விதி’. ‘பட்ஜெட்’டை விட்டுப் ‘பாதீடு’ என்பதையும் இந்தச் சாட்டோடு ஒருக்கா யோசியுங்கோ.

---

> கலைச்சொல் ஒரு கட்சிப் பக்கம் சாயலாமோ?

மூலச் சொல்லே சாய்ந்துதானே இருக்கிறது அண்ணா? ‘பிரேக்’ என்று பெயர் வைத்தவர்கள், வண்டி மிஞ்சிய வேகத்தில் போகிறது என்று முடிவுகட்டித்தான் வைத்தார்கள். 2001-ல் வாக்கெடுப்பு நடத்தி இதை ஏற்ற சுவிட்சர்லாந்திலும் ஜெர்மன் மொழியில் அதே பெயர்தான். அந்தச் சாய்வைத் தமிழில் வடிகட்டிவிட்டால், அங்கே ஏன் இத்தனை சண்டை என்பது விளங்காது.

ஆனால் ஒன்று. அடிப்படைச் சட்டத்தின் வாசகத்தில் ‘பிரெம்ஸ’ என்ற சொல்லே கிடையாது. அது மேடையிலும் பத்திரிகையிலும் புழங்குவது. ஆக, சட்டப் பிரிவை மொழிபெயர்க்கும் இடத்தில் உங்கள் ‘மட்டுப்பாட்டு விதி’, செய்தியிலும் பேச்சிலும் ‘கடிவாளம்’. இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், ‘தடை’யை எடுத்துவிடுகிறேன்.

பாதீட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். இதில் கலந்தால் தீபாவளி வரை ஓடும்.