வரப்பில் ஓடும் குருவியும் ஊட்டியில் பார்த்த குருவியும் ஒன்றா?

வெண்ணாற்றுக்காரன்:
மன்னார்குடிப் பக்கம் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலம் எனக்கு. காலையில் மடை பார்க்கப் போனால் வரப்பில் ஒரு குருவி முன்னால் ஓடும். மண் நிறம், நெஞ்சில் லேசாகக் கோடு, குச்சிக் கால். தத்தாது, ஓடும், நிற்கும், வாலை ஆட்டும். கிட்டே போனால் ‘சிப் சிப்’ என்று எழும்பி, பத்தடி தள்ளி மறுபடி தரையில்தான் இறங்கும்.

சித்திரையில் மகளைப் பார்க்க ஊட்டி போனோம். அவலாஞ்சி வழியில் புல்வெளியோரம் அதே குருவி! ஆனால் என்னைக் கண்டதும் பக்கத்துக் குட்டை மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நம்ம ஊர்க் குருவிதான் வெயிலுக்குப் பயந்து மலையேறிவிட்டதா? படம் போட்டிருக்கிறேன். கை ஆடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை:
அண்ணே, மரத்தில் உட்கார்ந்தது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வரப்பில் ஓடுவது வயல் நெட்டைக்காலி. மலையில் பார்த்தது நீலகிரி நெட்டைக்காலி. விரட்டினால் மரத்துக்குப் போவது அதன் பழக்கம்.

படத்தைப் பெரிதாக்கி விலாவைப் பாருங்கள். கோடுகள் நெஞ்சோடு நிற்காமல் விலா வரை இறங்குகின்றன. முதுகிலும் அழுத்தமான கோடு. நம்ம ஊர்க் குருவிக்கு விலா வெறுமையாக இருக்கும். மலைக்குருவி தென்னிந்திய உயர்மலைகளை விட்டு வேறெங்கும் கிடையாது, பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல்தான். சீகை மரமும் (வாட்டில்) தைல மரமும் (யூகலிப்டஸ்) நட்டு அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். நமக்கு வயல் மனையாகிற மாதிரிதான்.

திருவாரூர்த் தம்பி:
வயலில் ஓடுவது வானம்பாடி இல்லையா? தாத்தா அப்படித்தான் சொல்வார்.

ஏரிக்கரை:
நிறம் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம், தம்பி. அலகைப் பாருங்கள். வானம்பாடிக்குத் தடித்த அலகு, நெட்டைக்காலிக்கு ஊசி மாதிரி. வாலை ஓயாமல் ஆட்டினால் நெட்டைக்காலிதான்.

வெண்ணாற்றுக்காரன்:
விலாவில் கோடு இருக்கிறது! மகளிடம் சொன்னேன், “இதுக்காப்பா வண்டியை நிறுத்தச் சொன்னீங்க” என்கிறாள்.

இன்னொன்று இப்போதுதான் புரிகிறது. போன பங்குனியில் உளுந்து பிடுங்கும்போது, பிடுங்க வந்த அக்கா “முதலாளி, இங்க பாருங்க” என்று கூப்பிட்டார். செடி மூட்டில் மாட்டுக் குளம்பு பதிந்த குழி, அதில் காய்ந்த புல் சுற்றி மூன்று முட்டை, பழுப்புப் புள்ளியோடு. காடை என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் இந்தக் குருவி வந்து வரப்பில் நின்று கத்த ஆரம்பித்தது. சரி என்று சுற்றி ஏழெட்டுச் செடியை அப்படியே விட்டுவிட்டோம். அந்த உளுந்து வெடித்து அங்கேயே கொட்டிவிட்டது.