ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்தால் புரத கவுண்ட் குறைகிறதே?

கிண்டி_மாணவி:
ஸ்போர் (பூஞ்சை வித்து) முளைக்கும்போது எவ்வளவு புரதம் உருவாகிறது என்று அளக்கிறேன். அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையின் ஸ்போர், மில்லிக்கு 10 லட்சம், 37 டிகிரி, ஷேக்கர். ஒரு பிளாஸ்க்கில் குளுக்கோஸ் 1%, நைட்ரேட், உப்புகள். இன்னொன்றில் கூடவே ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5%. 3-ஆம் மணியில் கதிரியக்க லேபிளாக கார்பன்-14 லியூசின் (ஒரு அமினோ அமிலம்), 10 நிமிட பல்ஸ். புரதத்தில் சேர்ந்த கதிரியக்கம்தான் கவுண்ட். மைக்ரோஸ்கோப்பில் இரண்டாவதுதான் நன்றாக உப்பியிருக்கிறது, கவுண்ட் மட்டும் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்போர் முளைக்கக் கூடாத வெறும் தண்ணீர் கண்ட்ரோலிலும் கவுண்ட் வருகிறது. எங்கே தப்பு?

பூஞ்சைக்காளான்:
புரதம் குறையவில்லை மேடம், லேபிள்தான் நீர்த்துப்போகிறது. அரை சதவீத ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் சாதா லியூசினே சுமார் 1 மில்லிமோலார் வந்துவிடும். நீங்கள் போடும் சூடான, அதாவது கதிரியக்க லியூசின் அதில் கரைத்த பெருங்காயம். போதாததற்கு மற்ற அமினோ அமிலங்களும் அதே பெர்மியேஸில் (அமினோ அமிலத்தைச் செல்லுக்குள் விடும் வாசல் புரதம்) முண்டியடிக்கும்.

இரண்டு பிளாஸ்க்கிலும் பல்ஸ் நேரத்தில் சாதா லியூசினை 5 மில்லிமோலாராக ஏற்றிவிடுங்கள். லேபிளையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். குளிர்ந்த 10% டிசிஏ-வில் (புரதத்தைப் படிய வைக்கும் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) கரைவதைக் கொட்டாமல் தனியாக எண்ணுங்கள். உள்ளே போனது எவ்வளவு, புரதமானது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டு ஊடகத்தை ஒப்பிட முடியாது. நைட்ரேட்டுக்குப் பதில் அம்மோனியம் போட்டாலும் இதே சிக்கல்தான், அது பெர்மியேஸையே அடக்கும்.

அடையாறு_லேப்:
தண்ணீர் கண்ட்ரோலுக்கு: பல்ஸுக்கு 10 நிமிடம் முன் சைக்ளோஹெக்சிமைடு (புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து), மில்லிக்கு 200 மைக்ரோகிராம். டிசிஏ-வில் 90 டிகிரி, 20 நிமிடம் சூடாக்குங்கள். டிஆர்என்ஏ-வில் (அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்என்ஏ) தொங்கும், இன்னும் புரதமாகாத லியூசின் அப்போதுதான் போகும்.

ஸ்போரை எப்படி எடுக்கிறீர்கள்? புரோட்டோகாலில் "அறை வெப்பம்" என்றால் 22 டிகிரி. நம்மூர் மே மாதத்தில் 34. அகாரிலிருந்து ஒட்டிவரும் துளி குளுக்கோஸே எழுப்பப் போதும். ஸ்போருக்குள் எம்ஆர்என்ஏ-வும் (புரதத்துக்கான செய்முறைக் குறிப்பு) ரைபோசோமும் (புரதம் செய்யும் இயந்திரம்) தயாராகவே இருப்பதால் புது எம்ஆர்என்ஏ-வுக்குக் காத்திருக்காது.

கிண்டி_மாணவி:
மேசை மேலேயே, ட்வீன் (சோப்பு போன்ற பொருள்) கலந்த தண்ணீரில், முக்கால் மணி நேரம். ஒரே ஒரு தடவை கழுவல். சைக்ளோஹெக்சிமைடு போட்டதும் தண்ணீர் கண்ட்ரோலில் பாதி போய்விட்டது. மீதி பாதி அசையவில்லை.

அடையாறு_லேப்:
அசையாதது ஸ்போர் சுவரில் ஒட்டியதாக இருக்கலாம். டிசிஏ-வில் படிந்ததைப் பிடிக்கும் ஃபில்டரைச் சாதா லியூசின் கலந்த டிசிஏ-வால் கழுவுங்கள். போன பாதிதான் நிஜப் புரதம், அதாவது எடுக்கும்போதே விழித்துவிட்டது. இனி ஐஸ் மேல் எடுங்கள், 0.02% ட்வீன் 80, குளிர்ந்த தண்ணீரில் 3 கழுவல், அன்றே பயன்படுத்துங்கள்.